கொள்ளுகிறவனும் ஒரு வெள்ளைப் புடவையும்

ஆரணின்னு சொன்னதும் "அரிசியா, பட்டா?"ன்னு கேட்பாங்க. ரெண்டும்தான். இந்தப் பதிவு பட்டைப் பத்தி. கொஞ்சம் என் வண்டவாளத்தைப் பத்தியும்.

எங்க ஊர்ல கிறிஸ்தவங்க எப்படி வந்தாங்கன்னு கேட்கிறவங்களுக்கு ஒரு வரி. அமெரிக்காவின் ரிஃபார்ம்ட் சபையிலிருந்து வந்த ஸ்கடர் குடும்பம் 1853ல் ஆற்காடு மிஷனைத் தொடங்கினாங்க, ஆரணியும் அதுக்குள்ள வந்தது. 1947க்கு அப்புறம் நாங்க தென்னிந்தியத் திருச்சபை. கொசுவர்த்தி போதும். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். யோபு தன் நாட்களை நெசவுக்காரனின் நாடாவோட ஒப்பிட்டுப் புலம்புவாரே, அதை விளக்க எங்க ஓய்வுநாள் பள்ளி வாத்தியார் ரொம்ப மெனக்கெடல. ஜன்னலைத் திறந்துவிட்டார். தறிச் சத்தம் உள்ள வந்தது. அவ்வளவுதான் பிரசங்கம்.

எங்க வீட்டுல ஒரு பழக்கம் உண்டு. நீதிமொழிகள்ல 31 அதிகாரம். அதனால தேதிக்கு ஒரு அதிகாரம், ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி அம்மா வாசிப்பாங்க. ஒண்ணாம் தேதி ஒண்ணு, முப்பத்தொண்ணுன்னா குணசாலியான ஸ்திரீ. வருஷக்கணக்கா கேட்டுக் கேட்டு காது மரத்துப்போச்சு. பசி வேற.

2013 ஜனவரி. சித்தி பொண்ணுக்குக் கல்யாணம். ஆலயத்துக்கு உடுத்திட்டுப் போக வெள்ளைப் புடவை வேணும். கடையில வாங்காம நேரா தறியிலேயே சொல்லி நெய்யலாம்னு ஐடியா குடுத்ததே நான்தான். சென்னையில வேலை பார்த்தாலும் ஊர்க்காரன் இல்லையா, பெருமை!

ஆரணியில நெசவாளிகள் பல பேர் கூலிக்குத்தான் நெய்வாங்க. நூலும் ஜரிகையும் முதலாளியோ சொசைட்டியோ குடுக்கும். நாங்க பிடிச்ச அண்ணன் சொந்தமா நூல் வாங்கி, வீட்டுக்குள்ள குழித்தறியில நெய்யறவர். சந்தன நிறத்துக்கும் வெள்ளைக்கும் நடுவுல ஒரு நிறம், வெள்ளி ஜரிகை பார்டர். 9,000 ரூபாய்னு பேச்சு, 2,000 முன்பணம். ஆரம்பத்திலேயே அவர் தயங்கினார். "தம்பி, வெள்ளைன்னா வேலை ஜாஸ்தி. தூசி படக்கூடாது, எண்ணெய்க்கை படக்கூடாது. அப்புறம், நீங்க வேணாம்னுட்டா இதை நான் யாருக்கு விக்கிறது?" நியாயமான கேள்வி. முகூர்த்தத்துக்கு அரக்கும் மஞ்சளும் தேடி வர்றவங்க இந்த வெள்ளையைத் தொடுவாங்களா? "நாங்க ஏண்ணே வேணாம்கப் போறோம்"னு சொல்லிட்டு வந்தேன்.

19ஆம் தேதி வாங்கப் போனோம். புடவை பிரமாதம். பார்த்ததும் சித்தி கண்ணு விரிஞ்சதை நான் பார்த்தேன், உடனே முழங்கையால இடிச்சேன். ஏன்னா எனக்குள்ள இருந்த வியாபாரி முழிச்சுட்டான். "என்னண்ணே, நிறம் கொஞ்சம் மங்கலா இருக்கே... பார்டர் நாங்க நினைச்ச அகலம் இல்லையே... கடையிலயே எடுத்திருக்கலாம் போல." ஒண்ணுகூட உண்மை இல்லை. அவர் சொன்ன அந்தக் கேள்வி எனக்கு நல்லா ஞாபகம் இருந்தது, அதை வெச்சுத்தான் ஆடினேன். அரைமணி நேரம். பாக்கி 7,000க்குப் பதிலா 5,500 குடுத்துட்டு வந்தோம். அவர் எண்ணக்கூட இல்லை, வாங்கி மேல்சட்டைப் பையில வெச்சுக்கிட்டார்.

மறுநாள் வீடு நிறைய சொந்தக்காரங்க. புடவை கைமாறி கைமாறிப் போகுது. "எவ்ளோ இருக்கும் சொல்லுங்க பார்ப்போம்? ஏழரை!"ன்னு நான் அலட்டிக்கிட்டேன். ராத்திரி ஜெபம். அம்மா கண்ணாடியை மாட்டிக்கிட்டு 20ஆம் அதிகாரத்தை எடுத்தாங்க. 14ஆம் வசனம் தெரிஞ்சவங்களுக்கு இப்பவே சிரிப்பு வந்திருக்கும். வாங்க வர்றவன் பொருளைப் பார்த்து நல்லா இல்லைன்னு திரும்பத் திரும்பச் சொல்றதும், வாங்கிட்டுப் போனதும் பெருமையடிச்சுக்கிறதும்தான் அந்த வசனம். திட்டு இல்லை, தண்டனை இல்லை, சும்மா படம் பிடிச்ச மாதிரி. பழைய வேதாகமத்துல வாங்குறவனுக்கு 'கொள்ளுகிறவன்'னு வார்த்தை. சின்ன வயசுல அதை 'கொல்லுகிறவன்'னு நினைச்சுப் பயந்திருக்கேன். அன்னிக்கு ல-வா ள-வான்னு எனக்கே சந்தேகம். சித்தி என் பக்கம் திரும்பவே இல்லை.

ராத்திரி தூக்கம் வராம எனக்கு நானே வக்கீலானேன். பேரம் பேசுறது பாவமா? ஆபிரகாம் சோதோமுக்காகக் கர்த்தர்கிட்டயே ஐம்பதுல ஆரம்பிச்சு பத்து வரைக்கும் இறக்கினாரே! கேஸ் ஜெயிச்ச மாதிரிதான் இருந்தது. அப்புறம்தான் அஞ்சு அதிகாரம் தள்ளி, ஆதியாகமம் 23 ஞாபகம் வந்தது. சாராளை அடக்கம் பண்ண நிலம் வாங்கும்போது எப்பெரோன் சொன்னது நானூறு சேக்கல் வெள்ளி. அதே ஆபிரகாம் ஒரு சேக்கல்கூடக் குறைக்கல, எல்லார் முன்னாலயும் நிறுத்துக் குடுத்தார். அடுத்தவன் உயிருக்குன்னா பேரம், தன் காரியத்துக்குன்னா முழுக்காசு. நான் தலைகீழ்.

கணக்கும் போட்டேன். பட்டு நூல், ஜரிகை, சாயம் எல்லாம் சேர்த்து 5,200 ஆச்சுன்னு அவரே முன்னாடி சொல்லியிருந்தார். நூல்காரன் எனக்காகக் குறைக்கப் போறதில்லை. மீதி 3,800தான் அவரும் அவர் வீட்டு அக்காவும் பத்துப் பன்னிரண்டு நாள் உட்கார்ந்த கூலி. 9,000ல 1,500 போனா என்னன்னு நினைச்சேன். அது 9,000ல போகல, 3,800ல போயிருக்கு.

உடனே ஓடிப்போய்க் குடுத்தேன்னு எழுத ஆசைதான். இல்லை. கல்யாண வேலை, பத்திரிகை, பந்தல், அப்புறம் பார்த்துக்கலாம். 30ஆம் தேதி கல்யாணம் நல்லபடியா முடிஞ்சது. பிப்ரவரி 3, சென்னைக்குக் கிளம்ப பையைக் கட்டியாச்சு. அம்மா 3ஆம் அதிகாரம். கையில காசு வெச்சுக்கிட்டே அயலானை நாளைக்கு வான்னு அனுப்பாதேங்குது 28ஆம் வசனம். தேதி என்னைத் துரத்துதுடா சாமி! பஸ்ஸை விட்டுட்டு நடந்தேன்.

அவர் தறியில இருந்தார், அரக்குப் பாவு. காசை நீட்டினதும் "எதுக்கு தம்பி, பேசி முடிச்சதுதானே"ன்னார். "நான் பேசினதெல்லாம் பொய்யிண்ணே. நிறமும் நல்லாத்தான் இருந்தது, பார்டரும் நல்லாத்தான் இருந்தது." அவர் கை நீட்டல. உள்ளயிருந்து அக்கா வந்து வாங்கி, எண்ணி, முந்தானையில முடிஞ்சுக்கிட்டாங்க. "இதுல என்ன வெக்கம்"னு அவரைப் பார்த்து ஒரு வார்த்தை.

அப்புறம் அவர் கல்யாண ஃபோட்டோ கேட்டார். கேமராவுல காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார், பொண்ணை இல்லை, புடவையை.

"முந்தி சேர்ற எடத்துல ஒரு இழை தப்பியிருக்கும் தம்பி. நீங்க அன்னிக்கு அதைத்தான் சொல்லப் போறீங்கன்னு நெனைச்சேன். சொல்லியிருந்தா நானே முந்நூறு குறைச்சிருப்பேன். நீங்க நிறத்தைச் சொன்னீங்க."

சொல்லிட்டு அக்கா பக்கம் திரும்பினார், அந்த முந்நூறைத் திருப்பிக் குடுக்கச் சொல்லி. அக்கா அதுக்குள்ள அடுப்படிக்குப் போயாச்சு.

தங்கச்சிகிட்ட இதுவரை சொல்லல. அவ இதைப் படிச்சா பீரோவைத் திறந்து பார்ப்பா.