கொஞ்சம் அடியெடுத்துக் கொடுங்கள்!

குன்றத்தூர் என்றதும் பலருக்கு மலைமேல் இருக்கும் முருகன் கோயில்தான் ஞாபகம் வரும். பெரியபுராணம் பாடிய சேக்கிழார் பிறந்த ஊரும் இதுதான். பாட்டைத் தொடங்கச் சொல் கிடைக்காமல் அவர் சிதம்பரத்தில் நின்றபோது, நடராசரே முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தார் என்பார்கள். அதன்பிறகு 4,000-க்கும் மேற்பட்ட பாடல்கள்!

சொல் கிடைக்காமல் தினமும் தவிப்பவர்களும் இருக்கிறார்கள். பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் பலருக்கு 'அஃபேசியா' வருகிறது. தேங்காயைக் கையில் வைத்திருப்பார். அது என்னவென்று தெரியும், சட்னிக்கு என்றும் தெரியும். பெயர் மட்டும் வாய்க்கு வராது. சரக்கு குடோனில் இருக்கிறது, எடுத்து வரும் வழிதான் அடைபட்டுவிட்டது.

இதற்குப் பேச்சுப் பயிற்சி உண்டு. குன்றத்தூருக்குப் பக்கத்தில் போரூர் ராமச்சந்திராவில் இதற்கென்றே ஒரு துறை இருக்கிறது. பயிற்சியில் பொருளைச் சுற்றிக் கேள்வி கேட்பார்கள். எங்கே காய்க்கும்? எதற்குப் பயன்படும்? உடைத்தால் உள்ளே என்ன நிறம்? பதில் தேடும்போதே சில சமயம் பெயர் வந்துவிடும். வராவிட்டால் முதல் எழுத்தை மட்டும் 'தே...' என்று எடுத்துக் கொடுப்பார்கள். மீதியை அவரே முடிப்பார். அப்படியும் வராவிட்டால்தான் முழுச் சொல்லையும் சொல்லி, திரும்பச் சொல்ல வைப்பார்கள். ஒரே நாளில் நடக்காது. திரும்பத் திரும்பச் செய்யவேண்டும்.

வீட்டில் நடப்பது வேறு. அவர் தேட ஆரம்பித்த இரண்டாவது நொடியில் மனைவியோ மகனோ முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்துவிடுவார்கள். பாசம்தான். ஆனால் கொஞ்ச நாளில் அவர் முயற்சி செய்வதையே விட்டுவிடக்கூடும். இன்னும் சிலர் 'புத்தி போய்விட்டது' என்று அவரை வைத்துக்கொண்டே பேசுவார்கள். ஸ்வீடன் கவிஞர் டிரான்ஸ்டிரோமருக்கு 1990-ல் பக்கவாதம் வந்து பேச்சு பெரும்பாலும் போனது. அதற்குப் பிறகும் 1996-ல் கவிதைத் தொகுப்பு வெளியிட்டார். 2011-ல் நோபல் பரிசும் வந்தது. புத்தி எங்கே போனது?

நம் நாட்டில் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும், அஃபேசியாவால் நிரந்தரமாக ஏற்படும் பேச்சுக் குறைபாட்டை ஊனம் என்று ஏற்கிறது. சட்டம் சான்றிதழ் தரும். பொறுமையை நாம்தான் தரவேண்டும்.

அடுத்த முறை அப்படி ஒருவர் எதிரில் சொல்லுக்குத் திணறினால் டிவியை அணைத்துவிட்டுக் காத்திருங்கள். உதவலாமா என்று கேளுங்கள். தலையாட்டினால், முதல் எழுத்து மட்டும் போதும்.