ஒரம்பரைக்குப் போகிற ஏற்பாடு

ஞாயிறு, இரவு 10 மணி

தங்கச்சி சிங்கப்பூரிலிருந்து பேசினாள். பத்து நாளில் குடும்பத்தோடு வருகிறாள். "அண்ணா, ஒரு நாள் முழுக்க எல்லாரும் ஒண்ணா எங்கியாச்சும் போகோணும். காடும் இருக்கோணும், நம்மூருச் சமாச்சாரமும் பசங்களுக்குத் தெரியோணும். மாலு கீலு எல்லாம் வேண்டாம்" என்றாள். இடம் பார்க்கிற வேலை என் தலையில். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை வருஷா வருஷம் சுற்றுலா கூட்டிப் போகிற வாத்தியாருக்கு இதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு என்று அவளுக்கு நினைப்பு.

சாப்பிடும்போதே விவாதம் தொடங்கிவிட்டது. மகன் மேட்டுப்பாளையம் பிளாக் தண்டர் என்றான். சறுக்குவதற்கு நல்ல இடம், ஆனால் அவள் கேட்ட இரண்டில் ஒன்றுகூட அங்கே இல்லை. மகளுக்குக் கல்லாறு பழப்பண்ணை. மங்குஸ்தானும் துரியனும் மரத்திலேயே தொங்குவதை நானும் சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்தவன்தான். ஆனால் அது யானைகளின் வழித்தடத்தில் இருக்கிறது. இப்போது பார்வையாளர்களை விடுவதில்லை. யானைக்கு வழிவிட்டதில் எனக்கு வருத்தமில்லை.

வீட்டுக்காரி காந்திபுரம் செம்மொழிப் பூங்கா என்றாள். 2010 செம்மொழி மாநாட்டில் அறிவித்து, ஜெயில் மைதானத்தில் 45 ஏக்கரில் 2025 நவம்பரில் திறந்த பூங்கா. நல்ல யோசனைதான். ஆனால் தங்கச்சியின் பசங்கள் சிங்கப்பூரில் வீட்டுக்குப் பக்கத்திலேயே 'கார்டன்ஸ் பை த பே'யைப் பார்த்து வளர்ந்தவர்கள். அங்கே ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் 35 மீட்டர் உயரத்துக்கு மலை கட்டி, ஏசி போட்டு, பனிமூட்டம் கிளப்பி, மலைக்காடு என்று காட்டுகிறார்கள். போன தடவை மாப்பிள்ளை டிக்கெட் எடுத்து என்னையும் கூட்டிப் போனார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நம் வீட்டு மொட்டை மாடியில் நின்று வடக்கே பார்த்தால் டிக்கெட் இல்லாமலே மலைமேல் மேகம் தெரிகிறதே என்றுதான் அப்போது தோன்றியது.

"பரளிக்காடு போலாம்" என்றேன். வனத்துறையும் அங்குள்ள இருளர் மக்களும் சேர்ந்து நடத்துகிற சூழல் சுற்றுலா. நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து போகிறார்கள். காரமடையில் பிறந்து ஐம்பத்திரண்டு வயதான நான் போனதில்லை.

எல்லாருக்கும் சம்மதம். அம்மா மட்டும் வட்டலைத் தள்ளி வைத்துவிட்டு, "அது அவிங்க ஊரல்லோ?" என்றார். அதற்கு மேல் பேசவில்லை.

செவ்வாய்

நினைத்த நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு போகிற இடமில்லை என்பது இன்றுதான் உறைத்தது. சனி, ஞாயிறு மட்டும். முன்பதிவு செய்தாக வேண்டும். ஆள் கணக்கைப் பார்த்துத்தான் ஊர்ப் பெண்கள் அடுப்பு மூட்டுகிறார்கள். பரிசலும் அந்தக் கணக்குக்குத்தான். கட்டணத்துக்குள் சாப்பாடு, பரிசல் எல்லாம் அடக்கம். நேற்றே பதிந்திருந்தால் சனிக்கிழமை கிடைத்திருக்கும். 'நாளைக்குப் பார்த்துக்கலாம்' என்று விட்டது என் தப்பு. ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொண்டோம். தொண்ணூறு பிள்ளைகளை மகாபலிபுரம் கூட்டிப் போய்த் திரும்பியவனுக்குப் பதினோரு பேர் கணக்குச் சரியாக வரவில்லை. மாமனார் மாமியாரை விட்டுவிட்டேன். வீட்டுக்காரி பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

காலை பத்து மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். போனதும் சுக்குக் காபி. பிறகு பில்லூர் அணையின் தேங்கிய நீரில் பரிசல். கரைக்கு வந்தால் சாப்பாடு. களியும் கோழிக் குழம்பும் உண்டு, கோழி ஆகாதவர்களுக்குக் கீரை, தயிர்ச்சோறு என்று கேள்வி. மத்தியானம் காட்டுக்குள் கொஞ்ச தூரம் நடை, ஆற்றில் குளியல். பொழுதோடு கிளம்பிவிட வேண்டும். பரிசலில் உயிர்காப்புச் சட்டை கட்டாயம். சாராயம், பிளாஸ்டிக் இரண்டும் காட்டுக்குள் ஆகாது.

தங்கச்சிக்கு அனுப்பினேன். "பசங்களுக்கு ஸ்நாக்ஸ் எங்க கிடைக்கும்?" என்று பதில் வந்தது.

வியாழன்

வீடியோவில் மருமகனும் மருமகளும். பொடியனுக்கு ஒன்பது, பெண்ணுக்குப் பன்னிரண்டு. "மாமா, இருளர்னா பாம்பு புடிக்கிறவங்கதானே? காட்டுவாங்களா?" என்றான் பொடியன். தப்பு அவன்மேல் இல்லை. 2023இல் வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் பத்மஸ்ரீ கொடுத்தபோது பார்த்த செய்தி அவன் மனதில் நின்றிருக்கிறது. அவர்கள் செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர்கள். அங்கே 1978இலேயே பாம்புப் பிடிப்போருக்கென்று கூட்டுறவுச் சங்கம் வந்துவிட்டது. நம் மலையடிவாரத்து இருளர்களின் பிழைப்பு வேறு. ராகி, சாமை விதைப்பார்கள், தேன் எடுப்பார்கள், சீமாற்றுப் புல் அறுப்பார்கள், ஆடு மேய்ப்பார்கள். பேரில் ஒற்றுமை இருப்பதால் ஒரே கூட்டம் என்று நாமும்தான் நினைத்துக்கொள்கிறோம்.

பெண் சூட்டிகை. "அவங்க பேசறது தமிழா?" என்று கேட்டாள். தமிழுக்குப் பக்கத்துப் பேச்சு, ஆனால் தனிப் பேச்சு என்றேன். நஞ்சியம்மா பாடியதைப் போட்டுக் காட்டினேன். பரளிக்காட்டுச் சாலையிலேயே மேலே போனால் முள்ளி, அங்கிருந்து அந்தப் பக்கம் அட்டப்பாடி. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருளர் அம்மா அவர். 'அய்யப்பனும் கோஷியும்' படத்துக்காக 2022இல் தேசிய விருது வாங்கினார். பெண் இரண்டாம் முறையும் போடச் சொன்னாள். "பாதி புரியுது, பாதி புரியல. சித்தப்பா பேசற மாதிரி இருக்கு" என்றாள். எந்தச் சித்தப்பா என்று நான் கேட்கவில்லை.

சனி

வேன் பேசியாயிற்று. ஓட்டுநர் வெள்ளியங்காட்டுக்காரர், பாதை தெரிந்தவர். "காலையில ஏழரைக்கு எடுத்தரலாமுங்க. வர்றப்பத்தான் இருட்டப்புடாது. தாயனூரத் தாண்டிட்டா ஆனை எப்ப ரோட்டுக்கு வரும்னு சொல்ல முடியாது" என்றார். யானை நின்றால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "நாம நிக்கோணுமுங்க, அது போகோணும்" என்றார்.

சாயங்காலம் தோட்டத்தில் கறிவேப்பிலைக் கட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அம்மா வரப்பில் உட்கார்ந்து, கேட்காமலே சொல்ல ஆரம்பித்தார்.

நான் சின்னப் பையனாக இருந்தபோது மலையிலிருந்து ஒரு இருளர் அம்மா வருவாராம். சந்தைக்குத் தேனும் பூச்சக்காயும் சீமாறும் கொண்டுவந்து விற்றுவிட்டு, மிச்சத்தோடு எங்கள் வீட்டுக்கு வருவார். அம்மா அரிசி போடுவார், பழைய சேலை கொடுப்பார். இரண்டு பேரும் மணிக்கணக்கில் பேசுவார்களாம். எனக்கு அவர் முகம் ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது ஒரு பித்தளை லோட்டா. திண்ணைச் சுவர்மேல் கவிழ்த்தே இருக்கும். அந்த அம்மா வந்தால் அதை எடுத்துத் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, தானே கழுவி, மறுபடி கவிழ்த்து வைத்துவிட்டுப் போவார். வேறு யாரும் அதைத் தொட மாட்டோம். ஏன் என்று நானும் கேட்டதில்லை.

"எங்கூட்டுக்கு எத்தன தடவ வந்திருப்பா. ஒருக்கா, 'நீங்க எங்கூருக்கு வாங்கம்மா'ன்னா. நாஞ் சிரிச்சேன்" என்றார் அம்மா.

கட்டு எண்ணிக்கை விட்டுப்போய், முதலிலிருந்து எண்ணினேன்.

புதன்

தங்கச்சி வந்துவிட்டாள். வீடு கொள்ளாத சத்தம். அம்மாவை என் பிள்ளைகள் ஆத்தா என்கிறார்கள், அவள் பிள்ளைகள் அம்மாயி என்கிறார்கள். இரண்டு பக்கமும் திரும்பித் திரும்பி அம்மாவுக்குக் கழுத்து வலி.

இன்று பெரிய சண்டை என்ன கொண்டு போவது என்பதில். தங்கச்சி பட்டியல் போட்டாள்: தொப்பி, மாற்றுத்துணி, கொசு மருந்து, தண்ணீர் பாட்டில். பாட்டில் கூடாது, எவர்சில்வர் தூக்குப் போசியில் எடுத்துக்கொள்வோம் என்றேன். பளிச்சென்ற சட்டை வேண்டாம், செண்ட் வேண்டாம், பாட்டுப்பெட்டி வேண்டவே வேண்டாம். எல்லாம் ஒத்துக்கொண்டாள்.

அம்மா தன் பங்குக்கு, "வெறுங்கையோட எப்படிப் போறது?" என்றார்.

"அம்மா, இது டூர். பணம் கட்டியாச்சு."

"பணம் கட்டினா? அவிங்க ஊருக்குப் போயி, அவிங்க ஆக்கிப் போட்டுத் திங்கப் போறோம். இது ஒரம்பரைக்குப் போறதுதான? ஒரம்பரைக்குப் போறவ பலகாரமில்லாமப் போவாளா?"

மாப்பிள்ளை சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கோவளம் போகிற வழியில் முட்டுக்காட்டில் தக்ஷிணசித்ரா பார்த்திருக்கிறேன். 1996இல் திறந்தது. பழைய செட்டிநாட்டு வீடு, கேரள வீடு என்று பிரித்துக் கொண்டுவந்து திரும்பக் கட்டி வைத்திருக்கிறார்கள். அருமையான இடம், பிள்ளைகளை இரண்டு தடவை கூட்டிப் போனேன். அந்த வீடுகளுக்குள் யாரும் குடியில்லை, அதனால் எந்த அறைக்குள்ளும் எட்டிப் பார்க்கலாம். பரளிக்காடு அப்படி இல்லை. அந்தத் திண்ணையில் ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், கொடியில் அவர் துணி காயும். பணம் கட்டிவிட்டோம் என்பதற்காகப் பொடியன் போனைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழைய முடியாது. ஒரம்பரை என்றால் சொந்தபந்தம்; அம்மா சொன்ன அந்த வார்த்தையில் இதெல்லாம் அடங்கிவிட்டது. 'ஒரம்பரைக்குப் போனா எப்படி இருப்பீங்களோ அப்படி' என்று பசங்களிடம் சொல்லிவிட்டேன். படம் எடுப்பதைப் பற்றி நான் வைத்திருந்த நாலு விதிகள் மிச்சம்.

பலகாரம் பற்றித் தீர்ப்பு: வாழைப்பழம் ஒரு தார், தோட்டத்துக் கறிவேப்பிலை இரண்டு கட்டு. நேராகச் சமையல்கட்டில் கேட்டுக் கொடுப்பது. வேண்டாம் என்றால் திரும்பக் கொண்டுவந்துவிடுவது. காட்டு மிருகத்துக்கு ஒரு தோல்கூட விழக்கூடாது.

வெள்ளி

சாயங்காலம் எல்லாரும் ரங்கநாதர் கோயில். மாசித் தேருக்கு இன்னும் நாள் இருக்கிறது; கூட்டமில்லை. மருமகளுக்கு ஒரு கதை சொன்னேன். 1908இல் பிரான்சிஸ் என்ற வெள்ளைக்கார அதிகாரி எழுதிய நீலகிரி கெசட்டியரில் இருக்கிறது. காரமடையில் இருந்த ரங்கசாமி பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டு, தனியாக மலையேறிப் போய், கோத்தகிரிப் பக்கம் ரங்கசாமி மலையில் உட்கார்ந்துவிட்டாராம். அரக்கோடு பக்கத்தில் பாறையில் இரண்டு காலடித் தடம் இருக்கிறதாம், அதுதான் சாட்சி. அந்த மலையில் அவருக்குப் பூசை செய்கிறவர் இருளர்.

"அப்ப இந்தக் கோயில்ல இப்ப இருக்கிறது யாரு?" என்றாள். அர்ச்சகர் காதில் விழுந்துவிடப் போகிறதே என்று கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தேன்.

சனி, இரவு

குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பொடியன் விளையாடிக்கொண்டிருந்தான். இழுத்து உட்கார வைத்து ஆற்றுப் பாடம் நடத்தினேன். வாத்தியார் புத்தி போகாது. இந்தத் தண்ணீர் பவானி. நீலகிரியில் பிறந்து, மேற்கே இறங்கிக் கேரளத்துக்குள் போய், மனது மாறியதுபோல் கிழக்கே திரும்பி அட்டப்பாடி வழியாக வருகிறது. பில்லூரில் நிற்கிறது. நூறு அடி அணை. 97 அடியைத் தொட்டால் ஆற்றோரத்து ஜனங்களுக்கு எச்சரிக்கை போகும். கீழே 100 மெகாவாட் மின்நிலையம், அந்தப் பக்கம் கோவைக்குக் குடிநீர். மூன்றாவது பில்லூர்த் திட்டம் 2024இல்தான் வந்தது. நாளைக்கு நீ பரிசலில் சுற்றப் போவது நம் ஊர்களெல்லாம் குடிக்கிற தண்ணீர் மேலே.

"அப்ப அதுல யாராச்சும் எச்சில் துப்பினா?"

"அதனாலதான் நீ துப்பக்கூடாது."

பரிசல் என்றதும் மூங்கில் பின்னித் தோல் போர்த்தியது என் கண்முன் வருகிறது. இப்போது ஃபைபர் பரிசலும் ஓடுகிறது. எதில் ஏற்றினாலும் அதற்கு முன்னும் கிடையாது, பின்னும் கிடையாது. துடுப்புக்காரர் கை ஒன்றுதான் திசை. மாமனார் ஏறமாட்டேன் என்கிறார். மாத்திரை, துண்டு, தார், கறிவேப்பிலைக்கு ஈரச்சாக்கு எல்லாம் திண்ணையில். அம்மா கல்யாணத்துக்குக் கட்டுகிற அரக்குச் சேலையை எடுத்து வைத்திருக்கிறார். காட்டுக்கு இது எதற்கு என்று தங்கச்சி கேட்டாள். பதில் இல்லை.

ஞாயிறு, இரவு

உடம்பெல்லாம் வலி. எழுத நிறைய இருக்கிறது: எதிர்க்கரையில் தண்ணீருக்கு இறங்கி நின்ற ஒற்றை யானை, மாமனார் பரிசலில் ஏறி இறங்க மறுத்தது, பொடியன் மூன்று உருண்டை களி தின்றது. நாளைக்கு எழுதுகிறேன். ஒன்றை மட்டும் இப்போதே எழுதிவிட வேண்டும்.

போய் இறங்கியதும் ஒரு பெண் எவர்சில்வர் டம்ளரில் எல்லாருக்கும் சுக்குக் காபி கொடுத்தார். நாங்கள் குடித்துவிட்டு டம்ளரை அப்படியே பெஞ்சில் வைத்தோம். அம்மா மட்டும் குடித்துவிட்டு, அரக்குச் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு, தொட்டியண்டை போனார். "வையுங்கம்மா, நாங்க கழுவிக்கறோம்" என்று அந்தப் பெண் ஓடி வந்தார். அம்மாவுக்குக் காது நன்றாகவே கேட்கும். கழுவினார். கழுவி, தொட்டிச் சுவர்மேல் கவிழ்த்து வைத்தார்.