வாலென்சியாவின் அரிசி உணவு

ஸ்பெயின் சென்று மீள்வோர் பலர் பாயேயா உண்டதாகப் பெருமையுடன் கூறுவர். அவர்களுள் சிலர் உண்டது மஞ்சள் நிறமேற்றிய வெறுஞ்சோறே.

பாயேயா என்னும் சொல் வாலென்சிய மொழியில் சமைக்கும் கலத்தையே குறிக்கும். அகன்று, ஆழங்குறைந்த வாணலி அது. நகருக்குத் தெற்கேயுள்ள அல்புஃபேரா ஏரியைச் சூழ்ந்த வயல்களில் உழைத்தோர், நண்பகலில் விறகுத் தீயில் ஆக்கிய உணவு அப்பெயரையே பெற்றது. கோழி, முயல், பச்சை அவரை, பெரிய வெள்ளை அவரை விதை, தக்காளி, குங்குமப்பூ, ஒலிவ எண்ணெய் ஆகியவற்றோடு சிலவேளை நத்தையும் சேரும். இறாலும் சிப்பியும் இட்டுச் சமைப்பது வேறொரு வகை. காரத் தொத்திறைச்சியைக் கலந்தாலோ வாலென்சியர் முகம் சுளிப்பர்.

பாயேயா ஆக்கும் மரபை 2021-இல் வாலென்சிய அரசு பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. ஆயினும், அறிவிப்பு அடுப்பைக் காத்துவிடாது. கேட்டவுடன் தட்டில் வரவேண்டும் என்னும் பயணியரின் அவசரமே, வாயிலில் வண்ணப்படம் தொங்கவிட்டு உறைபெட்டிச் சோற்றைச் சூடாக்கித் தரும் கடைகளை வளர்க்கிறது. எல் பால்மர் போன்ற ஏரிக்கரைச் சிற்றூர்களிலோ, இருவருக்குக் குறையாமல் சமைப்பதே பெருவழக்கு. கேட்ட பின்னரே அரிசி வாணலியில் விழும். அரைமணி நேரமேனும் காத்திருக்க வேண்டும். இரவில் அதைக் கேட்பவர் அயலார் என்பது எளிதில் புலப்பட்டுவிடும். அவ்வூரார்க்கு அது பகலுணவு.

அரிசி வேகும்போது கிளறுவதில்லை. கிளறினால் சோறு குழையும். அடியில் பொன்னிறப் பற்றும் உண்டாகாது. பிற இடங்களில் சமையற்காரருக்கு ஏச்சு வாங்கித் தரும் அந்த அடிப்பற்றுக்கு அங்கே 'சொக்கர்ராத்' என்று தனிப்பெயரே உண்டு. அதைச் சுரண்டுவதில் உணவுமேசையில் ஒருவரையொருவர் முந்துவர்.