ஒருத்தரைத்தான் ஏத்தலாம், பாட்டி!



சனிக்கிழமை, சிட்னியில் எங்கள் வீட்டில் மகளின் பிறந்தநாள் விருந்து. முடியும்போது இரவு மணி 11 தாண்டிவிட்டது. அவளோடு படிக்கும் பையன் ஒருவன் சிவப்பு 'பி' அட்டை மாட்டிய காரில் வந்திருந்தான். "போற வழிதானே, இந்த ரெண்டு பிள்ளைகளையும் இறக்கி விட்டுடுப்பா" என்றார், திருநெல்வேலியிலிருந்து வந்திருக்கும் என் மாமியார். "ஒருத்தரைத்தான் ஏத்தலாம், பாட்டி" என்றான் அவன். மாமியாருக்கு மனத்தாங்கல். எனக்கோ அவன்மேல் மதிப்பு கூடியது.

நியூ சவுத் வேல்ஸ் மாநிலச் சட்டம் அது. சிவப்பு 'பி' எனும் முதல் கட்ட லைசென்ஸ் வைத்திருக்கும் 25 வயதுக்குட்பட்டவர், இரவு 11 மணி முதல் காலை 5 மணி வரை, 21 வயதுக்குட்பட்டோரில் ஒருவரை மட்டுமே ஏற்றலாம். இருட்டு, அனுபவக் குறைவு, சிநேகிதர்களின் கும்மாளம் மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாதா? வேகம் 90 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. மது ஒரு சொட்டும் கூடாது. போனைத் தொடாமல் பேசுவதற்குக்கூட அனுமதியில்லை.

அந்த லைசென்ஸும் லேசில் கிடைக்காது. 16 வயதில், ஓட்டிப் பழகுவோருக்கான 'எல்' அட்டை. பிறகு முழு லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 120 மணி நேரம் ஓட்ட வேண்டும். அதில் 20 மணி நேரம் இருட்டிய பிறகு. ஒவ்வொரு முறையும் புறப்பட்ட நேரம், ஓடிய கிலோமீட்டர், சாலையின் தன்மை, மழையா வெயிலா என்றெல்லாம் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது பெரும்பாலும் அம்மாவோ அப்பாவோதான். மழை வந்தால் இப்போது நாங்களே மகளை வண்டியெடுக்கச் சொல்கிறோம். ஓட்டும்போது கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லப் பழக்கியிருக்கிறேன். "பஸ் நிக்குதும்மா, முன்னாடியிருந்து யாராவது குறுக்கே வரலாம்" என்று அவளாகவே வேகத்தைக் குறைத்த அன்று எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

நம் ஊரில் எட்டுப் போட்டுக் காட்டினால் பைக் லைசென்ஸ். பிளஸ் டூ தேறியதும் புது வண்டி. 18 வயது ஆகாத பிள்ளை வண்டியோட்டிக் குற்றம் செய்தால் பெற்றோருக்கு 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம் என்று 2019-லேயே சட்டம் திருத்தப்பட்டது. அப்படியும் பள்ளி வாசலில் மூன்று பேர் ஏறிய வண்டிகளைப் போன விடுமுறையிலும் பார்த்து வயிறு கலங்கினேன்.

கற்றுக்கொடுக்கத் தெரியாதவர்களா நாம்? குரங்குப் பெடல் போட்ட காலத்தில் என் அப்பா சீட்டைப் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டியபடி தெருக்கோடி வரை கூடவே ஓடிவந்தார். எந்தச் சட்டமும் அவரை ஓடச் சொல்லவில்லை. சைக்கிளுக்குக் காட்டிய அந்த அக்கறை பைக்குக்கு ஏன் இல்லாமல் போயிற்று?

எல்.எல்.ஆர். வாங்கிய பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள். லைசென்ஸ் உள்ள பெரியவர் ஒருவர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பின்னால் உட்காருங்கள். பகலில், மழையில், இருட்டில், லாரி போகும் சாலையில் என்று மாதக்கணக்கில் கூடவே போங்கள். வண்டிச் சாவியை அதற்குப் பிறகு கொடுக்கலாம்.