செம்பிற் களிம்பு

பெரம்பலூர், அரியலூர் என்னும் பெயர்களைக் கேட்ட அளவில், நம் கல்லூரி அன்பர் பலர் சுண்ணாம்புக்கல் ஏற்றிச் செல்லும் லாரிகளையும் சிமெண்டு ஆலைகளையுமே நினைப்பர். அந்நிலம் பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர்க் கடலடியாய்க் கிடந்தது என்பதை நினைப்பவர் சிலரே. காரை என்னும் ஊர்ப்புறத்தே மழைநீர் அரித்த களிமண் ஓடைகளிற் கடல்வாழ் உயிர்களின் கல்லுருவங்கள் இன்றும் காணப்படுகின்றன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் ஒன்று கிடக்கின்றது. 1940-ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையினராகிய எம். எஸ். கிருஷ்ணன் அதனை அறிஞருலகிற்கு அறிவித்தார். இவை யாவும் பெருமைக்குரியனவே. ஆயினும், கோடையிற் பாளம் பாளமாய் வெடிக்கும் அக்களிமண், ஐப்பசி மழையில் ஊறிப் பருத்துச் சக்கரங்களைப் பற்றிக்கொள்ளும் கொடுமையை அவ்வூர்களில் வாழ்வாரே நன்கறிவர்.

எம் மாமா அவ்வட்டாரத்திற் கிணற்று மோட்டார்கள் பழுதுபார்க்கும் தொழிலுடையவர். சேற்றுப் பாதைகளிற் செல்ல வேண்டியிருத்தலின், தம் ஜீப்பின் முகப்பில் மின்சார வின்ச்சு ஒன்றைப் பொருத்தியிருக்கின்றார். கமலையேற்றத்தைக் கண்டவர்க்கு இதன் இயல்பை விளக்குதல் எளிது. ஆங்கு எருதுகள் வடத்தை இழுக்கும். ஈங்கு மோட்டார் ஒன்று பற்சக்கரங்களின் துணையால் உருளையைச் சுழற்ற, எஃகு வடம் அதன்மேற் சுற்றிக்கொள்ளும். வடத்தின் முனையை மரத்திற் பிணித்துப் பொத்தானை அழுத்தினால், சேற்றில் ஆழ்ந்த வண்டி தன்னைத் தானே கரையேற்றிக்கொள்ளும்.

சென்ற புரட்டாசியில் விடுமுறைக்குச் சென்றிருந்த எம்மிடம், "தம்பி, மழை தொடங்குமுன் வின்ச்சின் மின்னிணைப்புகளைக் கழற்றித் தேய்த்து வை," என்று மாமா பணித்தார். யாம் வடத்தின் மேற்புறத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு புதினத்தைக் கையிலெடுத்தோம். மாலையில் அவர் வினவியபோது, "எல்லாம் ஆயிற்று, மாமா," என்றோம்.

தீபாவளியை அடுத்து ஓரிரவு, சோளக் கொல்லைகளுக்கு நடுவிலுள்ள குடியிருப்பு ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. முதியவர் ஒருவர் மூச்சுத் திணறலால் வருந்தினார். பெருமழையால் வேறு வண்டி எதுவும் அப்பாதையில் இறங்கத் துணியவில்லை. மாமா எம்மையும் உடன்கொண்டு சென்று, முதியவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பினார். பாதி வழியில் முன்சக்கரங்கள் இரண்டும் களியில் ஆழ்ந்தன. யாம் இறங்கி, வடத்தை ஈர்த்துச் சென்று, ஒரு வேப்பமரத்திற் பட்டை கட்டிப் பிணித்தோம். மாமா என்ஜினை ஓடவிட்டபடியே பொத்தானை அழுத்தினார். 'டக்' என்னும் ஓசை கேட்டது, உருளை அசையவில்லை. மீண்டும் அழுத்தினார். மீண்டும் அவ்வோசையே.

அதன்பின் நிகழ்ந்ததை நினைக்க இன்றும் நாணுகின்றோம். குடியிருப்பிலிருந்து கயிற்றுக் கட்டில் ஒன்று வந்தது. அறுவர் அதனைச் சுமந்தனர். யாமும் ஒரு காலைத் தாங்கினோம். ஒரு மைல் தொலைவு முழங்காற் சேற்றில் நடந்து தார்ச்சாலையை அடைந்து, ஆங்கு நின்ற வண்டியொன்றில் முதியவரை ஏற்றிப் பெரம்பலூருக்கு அனுப்பினோம். வழியெல்லாம் அவர் மூச்சிழுத்த ஓசை எம் செவியருகே கேட்டுக்கொண்டேயிருந்தது. கடவுளருளால் அவர் பிழைத்தார்.

மறுநாட் காலை, டிராக்டர் கொண்டு ஜீப்பை மீட்டபின், மாமா பேட்டரித் தொடர்பை நீக்கி இணைப்புகளைத் திறந்தார். செம்புக் கம்பியின் நுனியெங்கும் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஓசைக்குக் காரணம் அப்பொழுதுதான் விளங்கிற்று. மின்னோட்டத்தைத் திறந்துவிடும் சொலினாய்டுக்குச் சிறிதளவு மின்சாரமே போதும். ஆதலின் அது 'டக்'கென்று தன் கடமையைச் செய்தது. மோட்டாருக்கோ பெருஞ்சுமையை இழுக்கையில் 400 ஆம்பியர் வரையும் வேண்டும். அந்நிலையில், ஓர் ஓமில் நூறிலொரு பங்கு தடை இணைப்பில் இருப்பினும், 12 வோல்ட்டில் 4 வோல்ட்டு அங்கேயே வீணாகும்.

யாம் உண்மையைக் கூறினோம். மாமா சினந்திலர். "நீ செய்யாதது பெரிதன்று, தம்பி. செய்தேன் என்று நீ சொன்னதை நம்பித்தானே அப்பெரியவரை இந்த வண்டியில் ஏற்றினேன்," என்றார். பின்னர் ஸ்பேனரை எம் கையிற் கொடுத்துவிட்டுத் திண்ணையில் அமர்ந்தார்.

அன்று பகல் முழுதும் யாமே வேலை செய்தோம். இணைப்புகளை உப்புத்தாளால் செம்பு ஒளிருமளவும் தேய்த்து, இறுக முடுக்கி, ஈரம் அணுகாவண்ணம் வாசலின் பூசினோம். வண்டியின் உடம்போடு சேரும் எர்த் இணைப்பிலேதான் களிம்பு மிகுதி. மோட்டாரினுள் இருக்கும் கார்பன் துண்டுகள் தேய்ந்தனவா என்று பார்த்தோம். வடத்தை முற்றும் அவிழ்த்துச் சேறு கழுவி, இழை அறுந்த இடமுண்டோ என்று கையுறையணிந்து தடவினோம். மீண்டும் சுற்றுங்கால் ஜீப்பை மெல்லிய சரிவில் நிறுத்தி, அதனையே மேல்நோக்கி இழுக்கச் செய்து, வடம் இறுக்கமாய்ப் படியுமாறு சுற்றினோம். தளர்ந்து சுற்றிய வடம் சுமை வருங்கால் அடியடுக்கினுட் புதைந்து நசுங்கும். எக்காலத்தும் ஐந்து சுற்றேனும் உருளையில் எஞ்சியிருத்தல் வேண்டும் என்பதையும், இழுக்கும்போது வடத்தின்மேற் கனத்த போர்வையொன்றை இட்டால் அறுந்த முனை பாய்ந்து தாக்கும் வேகம் குறையும் என்பதையும் அன்றே கற்றோம்.

சைவ சித்தாந்த நூல்கள் ஆணவ மலத்திற்குச் செம்பிற் களிம்பை உவமையாகக் கூறும். அவ்வுவமையை விளக்கித் தேர்வில் இரண்டு பக்கம் எழுதி, நல்ல மதிப்பெண்ணும் பெற்றவரே யாம். ஆயினும், களிம்பு என்பது யாதென அறிந்தது அந்தத் திண்ணையின் அருகேதான்.

இப்பொழுது மாதந்தோறும் ஊருக்குச் செல்லும்போது, வடத்தை ஒருமுறை அவிழ்த்துச் சுற்றி வைக்கின்றோம். மாமா, "ஆயிற்றா?" என்று வினவுகின்றார். "ஆயிற்று, வந்து பாருங்கள், மாமா," என்கின்றோம். அவர் பார்க்க எழுந்து வருவதில்லை. அந்நம்பிக்கையே எமக்கு முன்னினும் பெரிய சுமையாய் இருக்கின்றது.