ஐந்து பெயர்களைத் தாண்டிப் போனவன்

யோசுவா புத்தகத்தில் 13 முதல் 21 வரை உள்ள அதிகாரங்களை வாசித்தால் கண் சொக்கும். கோத்திரம், எல்லை, ஊர்ப்பெயர். மறுபடியும் கோத்திரம், எல்லை, ஊர்ப்பெயர். அதிலிருந்து ஆவிக்குரிய அர்த்தம் எடுப்பதில் நான் கெட்டிக்காரன் என்று சபையில் பேர். கானான் பரலோகம், யோர்தான் மரணம், சீலோவில் போட்ட சீட்டு தேவசித்தம், நிலம் பெறாத லேவியருக்குக் கர்த்தரே பங்கு. ஐயர் ஊரில் இல்லாத ஞாயிறுகளில் இதைச் சொல்லியே பிரசங்க பீடத்தில் காலூன்றினேன்.

17-ஆம் அதிகாரத்தை மட்டும் தொடமாட்டேன். அதில் மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் இருக்கிறார்கள். மனாசே கோத்திரத்துச் செலொப்பியாத்துக்கு ஆண்பிள்ளை இல்லை. அவன் மகள்கள் ஐந்து பேரும் மோசேயிடம் போய்த் தகப்பன் பங்கைக் கேட்டார்கள். கேட்டது நியாயம் என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னதாக எண்ணாகமம் 27 சொல்கிறது. நிலம் பங்கிடுகிற காலத்தில் எலெயாசாருக்கும் யோசுவாவுக்கும் முன்னால் மறுபடியும் வந்து நின்று வாங்கியும் கொண்டார்கள். 15-ஆம் அதிகாரத்தில் காலேபின் மகள் அக்சாள் இன்னும் ஒருபடி மேலே. தகப்பன் கொடுத்தது வறண்ட நிலம் என்று கழுதையிலிருந்து இறங்கி நேராகச் சொல்லி, மேலூற்றையும் கீழூற்றையும் கேட்டு வாங்கினாள். அவளையும் தாண்டித்தான் போனேன்.

காரணம் வீட்டில் இருந்தது. அப்பா உயில் எழுதாமல் இறந்தார். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி கிறிஸ்தவ வீட்டில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. தெரிந்தேதான் அக்காவைக் கூட்டிப்போய் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினேன். உனக்குத்தான் நகை போட்டு அனுப்பினோமே என்றேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

உறுத்தியபோது எண்ணாகமம் 36-ஐப் பிடித்துக்கொண்டேன். சொத்து வேறு கோத்திரத்துக்குப் போகக்கூடாது என்று அங்கே இருக்கிறதல்லவா? ஆனால் அந்த அதிகாரம் பெண்களிடமிருந்து நிலத்தைப் பிடுங்கவில்லை. சொந்தக் கோத்திரத்துக்குள் கட்டிக்கொள்ளச் சொன்னது, அவ்வளவுதான். அக்காவைக் கட்டிக்கொடுத்ததும் எங்கள் சொந்தத்துக்குள்ளேதான்.

யோசுவா புத்தகத்தில் போகனின் கல், இன்னோமின் பள்ளத்தாக்கு, நெப்தோவாவின் நீரூற்று என்று யூதாவின் எல்லை ஏறி இறங்கிப் போகிறது, கிரையப் பத்திரத்தில் நான்கெல்லை எழுதுவது போல. பின்னால் எவனும் இல்லையென்று சாதிக்கக்கூடாது என்று எழுதிய எழுத்து அது. எருசலேமில் எபூசியரைத் துரத்த முடியாமல் போனதையும் கேசேரில் கானானியரைத் துரத்தாமல் விட்டதையும்கூட மறைக்கவில்லை. இவ்வளவு கறாரான கணக்கை நான் வானத்துக்கு ஏற்றிவிட்டேன். சுதந்தரம் மேலே இருக்கிறது என்று பிரசங்கித்தால் கீழே இருப்பதில் யாரும் பங்கு கேட்கமாட்டார்கள். அந்தப் பிரசங்கங்களுக்கு அக்காவும் பெண்கள் வரிசையில் உட்கார்ந்து ஆமென் சொல்லியிருக்கிறாள்.

பரிகாரம் எனக்குத் தெரியாததல்ல. அக்கா பேருக்குப் பாதியைச் செட்டில்மென்ட் எழுதிக்கொடுத்தால் தீர்ந்தது. பையன்கள் ஒத்துக்கொள்ளமாட்டார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவர்களிடம் நான் இன்னும் கேட்கவேயில்லை. பட்டா இன்றைக்கும் என் பெயரில்தான் இருக்கிறது.