கடைசி இருக்கைக்கு அப்பால்



ஒரு பங்குத்தந்தை மோட்டார் வாகனத்தின் புகைக்குழாயைப் பற்றி எழுதுவது உங்களுக்கு விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் நம் பங்கில் ஏறக்குறைய ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு வாகனம் நிற்கிறது. அதன் அடியில் ஓடும் அந்தக் குழாயை நம்மில் பலர் ஒருமுறையேனும் குனிந்து பார்த்ததில்லை. அண்மையில் ஸ்காபரோவிலுள்ள ஒரு கராஜில் மூன்று சனிக்கிழமைகள் நான் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே கண்டதையும் கேட்டதையும், சம்பந்தப்பட்ட தந்தையினதும் மகனினதும் முழுச் சம்மதத்தோடு, பெயர்களைத் தவிர்த்து எழுதுகிறேன்.

அந்த வாகனம் 1995ஆம் ஆண்டின் பியூக் ரோட்மாஸ்டர் ஸ்ரேசன் வாகன். ஐந்தரை மீற்றர் நீளம், 5.7 லிற்றர் கொள்ளளவுள்ள எட்டுச் சிலிண்டர் எஞ்சின். எட்டுப் பேர் அமரலாம். ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1996உடன் இந்தப் பெரிய வாகன்களைச் செய்வதை நிறுத்திவிட்டது. இதன் மூன்றாவது இருக்கை பின்னோக்கிப் பார்த்தபடி இருக்கும். அதில் அமரும் பிள்ளைகள் போகும் ஊரைப் பார்ப்பதில்லை. விட்டு வந்த தெருவைத்தான் பார்ப்பார்கள். அந்தக் குடும்பத்தின் இரண்டு பிள்ளைகளும் அந்த இருக்கையில் அமர்ந்துதான் கோடைதோறும் மிட்லண்ட் மறைசாட்சியர் திருத்தலத்துக்குத் திருயாத்திரை போனார்கள். மடுவுக்கு மாட்டுவண்டியில் போன தலைமுறையின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

மகனுக்கு இப்போது முப்பது வயது. தாயார் இறைவனடி சேர்ந்த பின், வீட்டுக்குப் பின்னால் துருவேறிக் கிடந்த அந்த வாகனத்தை உயிர்ப்பிக்க அவர் முடிவுசெய்தார். ஒற்றைப் புகைக்குழாயை எடுத்துவிட்டு இரட்டைக் குழாய் பூட்டவேண்டும், எஞ்சினின் குரல் கேட்கவேண்டும் என்பது அவருடைய ஆசை. தந்தைக்கு அது அறவே பிடிக்கவில்லை. இருவரும் ஒரே வீட்டில் இருந்துகொண்டே இரண்டு மாதங்கள் பேசவில்லை. “சுவாமி, நீங்கள் ஒருக்கால் போய்ச் சொல்லுங்கோ. உந்தச் சத்தம் அயலுக்கு ஆகாது” என்று தந்தை என்னிடம் கேட்டுக்கொண்டார். அப்படித்தான் நான் கராஜுக்குப் போனேன்.

கராஜ் நடத்துபவர் யாழ்ப்பாணத்தில் தொழில் பழகியவர். 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தை அறிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பெற்றோல் கிடைக்காத அந்த நாட்களில் ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் மோட்டார் சைக்கிள்களும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று, மண்ணெண்ணெயில் ஓடின. தெருவெல்லாம் கண்ணெரிக்கும் புகை. அந்த எஞ்சின்களை ஓட வைத்த கைகள்தான் இன்று எங்கள் வாகனங்களின் கீழே படுத்திருக்கின்றன.

அவர் எனக்குப் பொறுமையாக விளக்கினார். எட்டுச் சிலிண்டர்களும் நான்கு நான்காக இரண்டு வரிசையில் நிற்கின்றன. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இரண்டு வரிசைகளின் புகையும் ஒரே குழாயில் சேர்ந்து பின்னால் போனது. இரட்டைக் குழாய் என்றால் ஒவ்வொரு வரிசைக்கும் தனிவழி. ஆனால் இரண்டையும் முற்றாகப் பிரித்துவிடக் கூடாது. சிலிண்டர்கள் எரியும் ஒழுங்கில் ஒரே வரிசையைச் சேர்ந்த இரண்டு அடுத்தடுத்து எரியும் நேரமும் உண்டு. அப்போது அந்தப் பக்கக் குழாயில் நெருக்கடி. மற்றப் பக்கம் வெறுமை. ஆகவே இரண்டுக்கும் நடுவே ஒரு குறுக்குக் குழாய் இணைக்கப்படுகிறது. நெருக்கடி பகிரப்படுகிறது, ஓசையும் மென்மையாகிறது.

வளைவுகளிலும் நுட்பம் உண்டு. குழாயைச் சும்மா அழுத்தி வளைத்தால் வளைவில் அது நசுங்கி ஒடுங்கிவிடும். உள்ளே ஓர் அச்சைச் செலுத்தி வளைத்தால் அகலம் குறையாது. குழாய் பின் அச்சுக்கு மேலாகப் போகவேண்டும். ஆட்கள் ஏற ஏற வாகனம் தாழும். அச்சுக்கும் குழாய்க்கும் இடையே இடைவெளி குறையும். அதனால் அவர் வாகனத்தின் பின்புறத்தில் நாற்பது இறாத்தல் அரிசி மூட்டைகள் பத்தை அடுக்கிவிட்டு அளவெடுத்தார். வெறுமையாக நிற்கும் வாகனத்துக்கு அளவெடுப்பது வேலையே அல்ல என்றார்.

சட்டமும் பேசப்பட்டது. ஒன்ராறியோவின் நெடுஞ்சாலைப் போக்குவரத்துச் சட்டம் ஒவ்வொரு வாகனத்திலும் ஒழுங்காக இயங்கும் சைலன்சர் இருக்கவேண்டும் என்கிறது. சைலன்சரைத் தவிர்க்கும் நேர்க்குழாய்களையும், உள்ளீடு அகற்றப்பட்ட சைலன்சர்களையும் அது தடைசெய்கிறது. நச்சுவாயுவைக் குறைக்கும் வினையூக்கி மாற்றியை, அதாவது நம் தெருக்களில் திருடர்கள் இரவில் அறுத்துச் செல்லும் அதே பாகத்தை, அகற்றுவதும் குற்றம். புகைப் பரிசோதனைத் திட்டம் 2019இல் பயணிகள் வாகனங்களுக்கு முடிவுக்கு வந்தாலும் அந்தக் கடமை முடிந்துவிடவில்லை. மகன் இவை அனைத்துக்கும் உடன்பட்டார்.

சிக்கல் வேறோர் இடத்தில் எழுந்தது. இந்த வாகனத்தில் எரிபொருள் தாங்கி பின்புறத்தின் இடப்பக்கத்தில் இருக்கிறது. ஆகவே இடக் குழாயைப் பின்னால் கொண்டுபோக நேர்வழி இல்லை. “பின் சில்லுக்கு முன்னாலேயே இரண்டையும் முடித்துவிடுங்கள் அண்ணை. சத்தமும் நல்லாயிருக்கும், செலவும் குறையும்” என்றார் மகன். மெக்கானிக் மறுத்துவிட்டார்.

“தம்பி, இது ஸ்ரேசன் வாகன். பின்பக்கம் சுவர்மாதிரி. ஓடேக்குள்ள பின்னால காற்று சுழலும். புகையை வாகனத்துக்குள்ள இழுக்கும். பின் கண்ணாடி கொஞ்சம் திறந்திருந்தால் போதும். புகை கடைசி இருக்கையைத் தாண்டிப் போய்த்தான் வெளியேறவேணும்.”

புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதி பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக அதைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு வாந்தி, பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து சிலர் எழுவதில்லை.

இரண்டாவது சனிக்கிழமை, யாரும் எதிர்பாராதபடி தந்தை கராஜுக்கு வந்தார். உயர்த்தி நிறுத்தியிருந்த வாகனத்தின் கீழே நின்று, கழற்றி வைத்திருந்த பழைய குழாயை நெடுநேரம் பார்த்தார். அதில் ஓரிடத்தில் பழைய தகரம் சுற்றிக் கம்பியால் கட்டப்பட்டிருந்தது. அது அவருடைய சொந்தக் கைவேலை. பிறகு, மகனைப் பாராமல், என்னைப் பார்த்துச் சொல்லத் தொடங்கினார்.

பிள்ளைகள் சிறுவர்களாயிருந்த ஒரு கோடையில் வாகனம் திடீரென்று உறுமத் தொடங்கியதாம். அவர் இரவில் ஒரு தொழிற்சாலை, பகலில் ஓர் உணவகம் என்று உழைத்த காலம் அது. திருத்தக் காசு இல்லை. குளிர்காலத்துக்கு முன் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அந்தக் கோடையில் மிட்லண்ட் போகும் வழியில் மகளுக்குத் தலைவலி, வாந்தி. பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்துத் தேசிக்காய் மணக்கக் கொடுத்தார்கள். வாரங்கள் சென்ற பின்தான் கீழே படுத்துப் பார்த்தார். மூன்றாவது இருக்கைக்கு நேர்கீழே குழாயில் கையளவு ஓட்டை.

“சத்தம் எண்டால் எனக்கு ஓட்டை, சுவாமி. அவ்வளவுதான்” என்றார்.

மகன் மெல்லக் கேட்டார்: “ஏனப்பா இதை ஒருநாளும் சொல்லேல்லை?”

தந்தை பதில் சொல்லவில்லை. மெக்கானிக்கின் கையிலிருந்த டோர்ச் லைற்றை வாங்கி, மகன் பார்க்கவேண்டிய இடத்துக்கு வெளிச்சம் பிடித்தார். அதன் பின் இருவரும் அளவுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள்.

முடிவில் இரண்டு குழாய்களும் தாங்கியைத் தவிர்த்து, வலப்பக்கத்தால் பின் பம்பருக்கு அப்பால் வரை கொண்டுபோகப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு சைலன்சர். நடுவே குறுக்குக் குழாய். அனைத்தும் துருவேறாத உருக்கு. செலவு கூடியது. கூடிய பங்கைத் தந்தை கொடுத்தார். எஞ்சினை இயக்கியபோது எழுந்தது உறுமலல்ல. ஆழ்ந்த, அடக்கமான ஓர் ஓசை. மகன் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. தந்தை அஞ்சியதைவிட மிகக் குறைவு.

அன்பர்களே, நம் தலைமுறையினர் புகைக்குப் பழகியவர்கள். எரிந்த ஊர்களிலிருந்து வந்தோம். எரிந்ததையெல்லாம் உள்ளேயே வைத்துக்கொண்டு இரண்டு வேலை, மூன்று வேலை என்று ஓடினோம். நம் வீடுகளில் சில தந்தையர் ஒரு சொல்லும் பேசார். சிலரோ பேசினால் வீடே அதிரும். மௌனமும் அதிர்வும் இரண்டும் அதே ஓட்டையிலிருந்து வருவன என்று நான் எண்ணுகிறேன். எரிந்தது வெளியேறியே ஆகவேண்டும். தூபக்கலசத்தின் மூடியிலும் துளைகள் உண்டு. எங்கே வெளியேறுகிறது என்பதே கேள்வி. பாதிவழியில் கசிந்தால், அதைச் சுவாசிப்பவர்கள் நம்மைப் பார்க்காமல் பின்னோக்கி அமர்ந்திருக்கும் பிள்ளைகள். நாம் சொல்லாத கதையைத் தலைவலியாக அவர்கள் சுமக்கிறார்கள். நாமோ பயணம் ஒத்துக்கொள்ளவில்லை என்று தேசிக்காய் கொடுக்கிறோம்.

சொல்லுங்கள். மனைவியிடம், நண்பரிடம், மருத்துவரிடம், ஒப்புரவு அருளடையாளத்தில் இறைவனிடம், காலம் வரும்போது பிள்ளைகளிடமும் அளவோடு சொல்லுங்கள். நீண்ட குழாய்க்குச் செலவு அதிகம். ஆனால் கடைசி இருக்கையில் இருப்பவர்கள் நம் பிள்ளைகள்.

இனி, குளிர்காலத்துக்கு முன் மூன்று வேண்டுகோள்கள். ஒரு லிற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிற்றர் தண்ணீர் உண்டாகிறது. குறுந்தூர ஓட்டங்களில் அது குழாயினுள்ளே தங்கி உள்ளிருந்து அரிக்கும். தெருவில் கொட்டும் உப்பு வெளியிலிருந்து அரிக்கும். ஆகவே உங்கள் வாகனத்தின் ஓசை மாறினால் உடனே காட்டுங்கள். பனி மூடிய வாகனத்தை இயக்கு முன் புகைக்குழாயின் வாயைத் துப்புரவாக்குங்கள். வீட்டோடு ஒட்டிய கராஜினுள், கதவு திறந்திருந்தாலும், எஞ்சினை ஓடவிட்டு நிற்காதீர்கள். பழுது பார்க்கப் பணம் தடையாயிருந்தால் திருப்பலி முடிந்ததும் என்னிடம் தனியே சொல்லுங்கள். வேறு யாருக்கும் தெரியவேண்டியதில்லை.

இறைவன் உங்கள் பயணங்களையும், உங்கள் பின்னால் அமர்ந்து வருபவர்களையும் ஆசீர்வதிப்பாராக.